பட்டியலில் குறைந்த தெருக்கள்

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள நம் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். இருபத்தாறு வருடம் மென்பொருள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வாங்கிய பாராட்டுகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். நடந்தே தீர இருந்து, கடைசி ஒரு மணி நேரத்தில் நடக்காமல் போன தவறு. இன்றைக்கு நினைத்தாலும் முதலில் பயம் வரும். பிறகு, அப்பாடா என்றிருக்கும்.

சேர்ந்த சில மாதங்களிலேயே உங்களில் பலர், வேறொரு நாட்டில் யாரோ ஒருவர் செய்துகொண்டிருந்த வேலையைக் கைமாற்றி வாங்கிக்கொள்வீர்கள். அப்படிக் கற்றுக்கொள்வதை நம் தொழிலில் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’, சுருக்கமாகக் ‘கேடி’ என்கிறோம். எங்கள் வீட்டில் முதல்முறை நான் போனில் ‘கேடி முடிச்சிட்டு வரேன்’ என்று சொன்னபோது என் மாமியார் திடுக்கிட்டுப் போனார். ஏதோ திருட்டு வேலை என்று நினைத்துவிட்டார். சில நாட்களில் எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

அமெரிக்காவின் வடக்கே, பனி கொட்டும் சில சிற்றூர்களுக்கு மின்சாரம் வழங்கும் ஒரு நிறுவனம். பெயரை எழுதக்கூடாது என்று அன்று போட்ட கையெழுத்து இன்றும் என்னைக் கட்டும். அங்கே கணினிப் பிரிவில் பதினான்கு பேர் இருந்தார்கள். அந்தப் பிரிவையே மூடிவிட்டு வேலையை நமக்குக் கொடுத்தார்கள். போவதற்கு முன் அந்தப் பதினான்கு பேரும் இரண்டு மாதம் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இங்கே நாங்கள் ஒன்பது பேர். நான் டீம் லீட்.

எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். பராமரிப்புக்காக எந்தெந்தத் தெருவில் எப்போது மின்சாரத்தை நிறுத்துவது என்று பட்டியல் போடும் புரோகிராம் அவர் பொறுப்பில் பன்னிரண்டு வருடமாக இருந்தது. மாதம் ஒருமுறை பட்டியல் போகும். போன அரை மணி நேரத்தில் அங்கே ஆட்கள் தெருத் தெருவாக இணைப்பை நிறுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் நாள் போனில் நான் மிகவும் மரியாதையாக, “உங்களோடு வேலை செய்யக் கிடைத்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்” என்றேன்.

அவர் அமைதியாக, “உங்களுக்கு சந்தோஷமாகத்தான் இருக்கும்” என்றார்.

காது சுட்டது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போகப் போகிறவரிடம், அந்த வேலையை வாங்கிக்கொள்ளப் போகிறவள் சொல்கிற சொல்லா அது? நடைமுறைப் புத்தகத்தில் அப்படித்தான் பேசச் சொல்லியிருந்தது, நானும் சொல்லிவிட்டேன். புத்தகம் சொன்னதால் ஒரு சொல் சரியாகிவிடாது என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டிருந்தால் பின்னால் வந்த பாடு வந்திருக்காது.

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போட்டதும் இல்லை, நெருங்கியதும் இல்லை. நான் கேட்பேன், அவர் சொல்வார். கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இருநூறு பக்க ஆவணம் ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு பக்கமாக முடித்து டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மேலிருந்து தினமும் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை டிக் என்று.

ஒரே ஒருநாள் மட்டும் அவராகப் பேசினார். “உங்கள் ஊரிலும் இப்படிப் பராமரிப்புக்காக நிறுத்துவார்களா?”

“மாதத்துக்கு ஒருநாள் நிறுத்துவார்கள். முதல் நாளே மாவரைத்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றிவிடுவோம். அப்புறம் சாயங்காலம் வரை விசிறிதான்.”

“யாருக்கும் ஒன்றும் ஆகாதா?”

“வியர்க்கும்” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு முடிக்க வேண்டிய பக்கங்கள் இன்னும் ஆறு இருந்தன. “அடுத்த பக்கத்துக்குப் போகலாமா?” என்றேன். போனோம்.

கடைசி நாள் அவர் கையெழுத்திட்டு அனுப்பிய தாளில் ஒரே வரி இருந்தது. ‘ஆவணத்தில் உள்ளவை அனைத்தும் கற்பிக்கப்பட்டன.’ அதை நான் நன்றியோடு கோப்பில் சேர்த்தேன். இன்று அந்த வரியைப் படிக்கிற எவருக்கும் உடனே ஒரு கேள்வி எழும்: ஆவணத்தில் இல்லாதவை? எனக்கு எழவில்லை. எங்கள் மேலாளருக்கும் எழவில்லை. எல்லோரும் கேக் வெட்டினோம்.

நாங்கள் தனியாக அனுப்ப வேண்டிய முதல் பட்டியல் தீபாவளி முடிந்த அடுத்த வாரம் வந்தது. நம் நேரப்படி இரவு ஏழரைக்கு அது போய்ச் சேர வேண்டும். அங்கே அப்போது காலை எட்டு மணி. ஆறு மணிக்கெல்லாம் புரோகிராம் ஓடி முடித்துவிட்டது. ஒரு பிழைகூட இல்லை. மேலாளர் வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டிவிட்டுப் போனார்.

பூங்கொடி மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. சேந்தமங்கலத்துப் பெண், எங்கள் டீமில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் பழைய மாதங்களின் பட்டியல்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

“மேடம், ஒரு சந்தேகமுங்க.”

“சொல்லு.”

“பழைய பட்டியல்ல எல்லாம், புரோகிராம் போட்ட தெருவுக்கும் கடைசியா அனுப்புன தெருவுக்கும் கணக்கு ஒத்து வரலீங்க. எல்லா மாசமும் ரெண்டு மூணு தெரு கொறயுது. இந்த மாசம் ஒண்ணு கூட கொறயலீங்க.”

“நாம சரியா செஞ்சிருக்கோம், அதனால குறையல” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அது சரியாகப் படவில்லை.

“அப்ப அந்தம்மா பன்னெண்டு வருசமா தப்பாச் செஞ்சாங்களாங்க?” என்று கேட்டாள் பூங்கொடி. குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பழைய பட்டியல்களை நானும் திறந்தேன். அவள் சொன்னது சரி. மாதம் தவறாமல் இரண்டு தெரு, சில மாதம் மூன்று, ஒரு மாதம் நான்கு. ஒவ்வொரு மாதமும் வேறு வேறு தெருக்கள். புரோகிராமில் இதற்கு எந்த விதியும் இல்லை. இருநூறு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. யாரோ கையால் எடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் மாதம் தவறாமல் ஒருவர் ஒரு காரியத்தைக் கையால் செய்கிறார் என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது.

மேலாளரிடம் போனேன். அவர் திருச்செங்கோட்டுக்காரர், நல்ல மனிதர். இந்த ஒப்பந்தத்துக்காக ஒரு வருடம் நாயாய் அலைந்தவர்.

“ஏனுங்க மேடம், இன்னும் அனுப்பலீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“எரர் இல்லீல்ல? அப்புறமென்ன, அனுப்புங்க. நாளைக்கு மெதுவா கேட்டுக்கலாம்.”

“நாளைக்குக் கேட்டா, இன்னைக்கு நிறுத்தினது நிறுத்தினதுதான் சார்.”

“மொத மாசமே லேட்டுன்னா அவங்க என்ன நெனப்பாங்க? இந்த வேல கையை உட்டுப் போச்சுன்னா ஒம்பது பேரையும் ஊட்டுக்கு அனுப்போணுமுங்க. அதுல நீங்களும் ஒருத்தர்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் டீமில் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவர்கள் இருந்தார்கள், தம்பியைப் படிக்க வைப்பவர்கள் இருந்தார்கள். ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் எல்லோருடைய பிழைப்போடும் விளையாடுகிறேனா என்று ஒரு கணம் ஆடித்தான் போனேன். தைரியசாலி என்று என்னை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தாமதமாக அனுப்பினால் மன்னிப்புக் கேட்கலாம். தவறாக அனுப்பினால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது.

“என் பேர்ல எழுதிக்குங்க சார். நான் நிறுத்தி வைக்கிறேன்.”

அவர் தன் நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அங்கே அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்த அதிகாரியை அழைத்தேன். அவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.

“ஆவணத்தில் என்ன இருக்கிறதோ அதைச் செய்யுங்கள்” என்றார்.

“மாதாமாதம் சில தெருக்கள் ஏன் குறைந்தன என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. தெரியாத இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டாம். தெரிந்தவரைக் கேட்கலாம்.”

“அவர் இப்போது இங்கே வேலையில் இல்லையே.”

“வேலையில் இல்லை. ஊரில் இருக்கிறார் அல்லவா?”

“எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு” என்றார். அவரே அந்த அம்மாளை அழைத்து எங்களோடு இணைத்தார்.

மணி ஆறே முக்கால். அங்கே காலை ஏழே கால். பின்னால் குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் என் பெயரைச் சொன்னேன். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைத்திருந்தால் குற்றம் சொல்லவும் முடியாது.

“அம்மா, பட்டியலிலிருந்து மாதாமாதம் நீங்கள் எடுத்த தெருக்கள் எவை? நாங்கள் எதையும் எடுக்கவில்லை. இன்னும் அனுப்பவும் இல்லை” என்றேன்.

“அனுப்பாதீர்கள்!” என்றார். கத்தினார் என்றே சொல்ல வேண்டும். “செவிலியர் போன் செய்யவில்லையா?”

“எந்தச் செவிலியர்?”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர். வீட்டில் சுவாச இயந்திரத்தோடு இருப்பவர்களின் முகவரிகள் அவரிடம் இருக்கும். பட்டியல் போவதற்கு முதல் நாள் அவர் இந்த அம்மாளின் மேசைக்கு போன் செய்து, அந்த மாதம் யார் யார் அப்படி இருக்கிறார்கள் என்று சொல்வார். இவர் அந்தத் தெருக்களை எடுத்துவிட்டு, ஜெனரேட்டர் வண்டி முதலில் போய் நிற்கிற மாதிரி வேறொரு நாளில் போடுவார். இதைப் புரோகிராமில் சேர்க்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மூன்று முறையும் பதில் வந்திருக்கிறது.

“உங்கள் மேசை போன் இப்போது எங்கே?” என்று கேட்டேன்.

அதிகாரி ஓடும் சத்தம்தான் கேட்டது. அந்தப் பதினான்கு பேரும் காலி செய்துவிட்டுப் போன தளம், விளக்குகூடப் போடாத தளம், மாடியில் இருந்தது. சில நிமிடங்கள் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். “போன் இங்கேயே இருக்கிறது. சிவப்பு விளக்கு மின்னுகிறது.”

பதிவான செய்தியை அவர் ஓடவிட்டார். ஒரு வயதான பெண்மணியின் குரல், நிதானமாக, வழக்கமாகப் பேசுகிற ஒருவரிடம் பேசுவது போல. இந்த மாதம் மூன்று வீடு. ஒரு முதியவர், ஒரு பெண், நான்கு வயதுக் குழந்தை ஒன்று. குழந்தை புதிது, போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறது. பூங்கொடி முகவரிகளை எழுதிக்கொண்டே தெருக்களைத் தேடினாள்.

“மூணு தெருவும் நம்ம பட்டியல்ல இருக்குதுங்க மேடம்” என்றாள்.

மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எடு சாமி, மொதல்ல அத எடு” என்றார்.

எடுத்தோம். அந்த அம்மாள் போனிலேயே இருந்து ஒவ்வொரு தெருவாகச் சொல்லச் சொல்ல, ஜெனரேட்டர் வண்டியோடு வேறு நாளுக்கு மாற்றினோம். பட்டியல் இருபது நிமிடம் தாமதமாகப் போனது. அனுப்பிய பிறகு நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயத்தில் வந்த அழுகை அல்ல. பயந்தது நடக்கவில்லை என்பதால் வந்தது.

திரும்பி வந்தபோது அந்த அம்மாள் இன்னும் இணைப்பில் இருந்தார்.

“நான் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். “கடைசி வாரம் முழுக்கக் கோபத்தில் இருந்தேன். கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். செவிலியர் எப்படியும் போன் செய்வார், என் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுப்பார் என்றும் நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் யாருமே உட்காரப் போவதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.”

“நீங்கள் ஒருநாள் சொல்ல வந்தீர்கள். நான்தான் அடுத்த பக்கத்துக்குப் போகலாமா என்றேன்” என்றேன்.

பின்னால் ஒரு குழந்தை, பள்ளிப் பேருந்து வந்துவிட்டது என்று கத்தியது. அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. தவறு என்னுடையது, கையெழுத்துத் தாளில் இருந்த வரியை நான் எடை போட்டுப் பார்க்கவில்லை என்று எழுதினேன். கூடவே இன்னொன்றையும் எழுதினேன். இந்த வேலையை சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மட்டும் செய்ய முடியாது. அந்த ஊரை அறிந்தவர்கள் சிலர் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

மேலாளர் படித்துவிட்டு, “நம்ம வேலைய நாமளே வேண்டாம்னு எழுதிக் குடுக்கறதாட்ட இருக்குதேங்க” என்றார். பேனாவை எடுத்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

பத்து நாள் எங்களுக்கு மூச்சே இல்லை. பிறகு பதில் வந்தது. வேலை எங்களிடமே இருக்கும். அங்கே மூன்று பேரைத் திரும்ப எடுக்கிறார்கள், அவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். சுவாச இயந்திரம் உள்ள வீடுகளைப் புரோகிராமிலேயே சேர்க்க வேண்டும். அன்று மேலாளர் வாங்கி வந்த மைசூர்பாகை நான் நான்கு துண்டு தின்றேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான். மீதிப் பதினொரு பேர் திரும்ப வரவில்லை. ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார் என்று பின்னாளில் அந்த அம்மாள் சொன்னார். இருவர் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நமக்கு ஒரு வேலை வருகிறது என்றால் ஒருவர் கையிலிருந்து அது போயிருக்கிறது. அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, நீங்கள் பிடுங்கவில்லை. ஆனால் அந்த மனிதர் அங்கே இருந்தார் என்பதை மறந்துவிட்டு டிக் போடாதீர்கள். அந்த அம்மாளோடு நான் பிறகு எட்டு வருடம் வேலை செய்தேன். ‘சந்தோஷம்’ என்ற சொல்லை முதலில் சொன்னது அவர்தான். அதற்கு மூன்று வருடம் ஆயிற்று.

நம் முறையும் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, எங்கள் வேலையில் ஒரு பகுதி இன்னும் செலவு குறைவான வேறொரு நாட்டுக்குப் போனது. பூங்கொடியும் அவளுக்குக் கீழே மூன்று பேரும் செய்துகொண்டிருந்த வேலை. கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நானும் அவளும். அந்தப் பக்கம் ஓர் இளம்பெண், கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

முதல் இரண்டு நாள் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வேண்டுமென்றேதான். உள்ளே ஒரு கசப்பு. இத்தனை வருடம் பாடுபட்டுக் கற்றதை ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும் என்று. பூங்கொடி அதை வாய்விட்டே சொன்னாள்.

“நம்ம சோத்துல மண்ணப் போடறவங்களுக்கு நாம ஏனுங்க மேடம் எல்லாத்தையும் சொல்லோணும்?”

“அந்தப் பொண்ணு போடல பூங்கொடி. அதுவும் நம்மள மாதிரி பிழைக்க வந்ததுதான்.”

“தெரியுமுங்க. ஆனா வகுறு எரியுதே.”

“எனக்கும் எரியுது” என்றேன்.

மூன்றாம் நாள் காலை அவளே ஒரு நோட்டோடு வந்தாள். ஆவணத்தில் இல்லாமல் நாங்கள் பழக்கத்தில் செய்யும் காரியங்களை ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள். பதினேழு இருந்தன. எனக்கு நினைவே இல்லாதவைகூட அதில் இருந்தன. அந்தப் பெண் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பூங்கொடி இரண்டு நாள் உட்கார்ந்து பதில் சொன்னாள். புரியவில்லை என்றபோது திரும்பச் சொன்னாள்.

அந்த நால்வரில் மூன்று பேருக்கு நம் அலுவலகத்திலேயே வேறு வேலை கிடைத்தது. பூங்கொடி நாமக்கல்லில் ஒரு லாரி நிறுவனத்தில் சேர்ந்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் மென்பொருள் இப்போது அவள் கையில். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். இருட்டுவதற்குள் ஊட்டுக்குப் போயிடறேனுங்க என்று போன மாதம்கூடச் சொன்னாள்.

அவள் இங்கே இருந்த கடைசி நாள், அந்த இளம்பெண் நன்றி சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகு, நாங்கள் இருவரும் கணினியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

“ஏனுங்க மேடம், எதையாச்சும் சொல்லாம உட்டுட்டமா?” என்றாள்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

“இல்ல சாமி. எல்லாம் சொல்லியாச்சு.”

“அப்ப வாங்க போலாம், பசிக்குது” என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.